ஒரு எலுமிச்சைத் தொட்டி, ஆறு முட்டை: வீட்டில் பட்டாம்பூச்சி வளர்ப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மொட்டை மாடியில் ஒரு எலுமிச்சைத் தொட்டி. செடி இரண்டடி உயரம், எண்ணிப் பார்த்தால் எழுபது இலை தேறும். மழை பெய்த மறுவாரம் கொழுந்து விடுகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தெளித்த, பின்சிறகில் வால் இல்லாத பெரிய பட்டாம்பூச்சி ஒன்று வருகிறது. பூப் பக்கமே திரும்பவில்லை. இலை இலையாக இறங்கி, முன்னங்காலால் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து ஒரு முட்டை வைத்துவிட்டு அடுத்த கொழுந்துக்குத் தாவுகிறது. அது போனபின் எண்ணினால் ஆறு.

இந்த ஆறுக்கும் என்ன ஆகிறது என்பதுதான் இங்கே பேச்சு. இது ஒரே வீட்டில் ஒரே மாதத்தில் நடந்தது அல்ல. வீட்டு வளர்ப்பில் வழக்கமாக நடப்பவற்றை ஒரு தொட்டியில் அடுக்கிக் காட்டும் மாதிரி நிகழ்வு. ஆறில் ஒன்றுதான் முழுதாகப் பறக்கிறது. மற்ற ஐந்தில் இரண்டு குளவிக்குப் போன பங்கு, மூன்று நம் கைத்தவறு. எது எந்தக் கணக்கு என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த முறை அந்த மூன்றையும் காப்பாற்றிவிடலாம்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு அறிவியல் பெயர் பாப்பிலியோ டெமோலியஸ். எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, கறிவேப்பிலை, வில்வம், விளா என ஒரே குடும்பத்துச் செடிகளில் முட்டை வைக்கும். கறிவேப்பிலையில் கிடைக்கும் புழு இதன் பங்காளியான கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம்; வளர்ப்பு முறை ஒன்றே. பிள்ளைகளோடு தொடங்க இதைவிடத் தோதான இனம் இல்லை. புழுவுக்கு முடி கிடையாது, அரிக்காது, கடிக்காது. எருக்கஞ்செடியில் வளரும் வரிப்புழு இதைவிட அழகுதான். ஆனால் எருக்க இலையைக் கிள்ளும்போதெல்லாம் பால் வடியும். பால் பட்ட விரலால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் கண் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். முருங்கை மரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கம்பளிப்பூச்சியை எடுக்கவே கூடாது. முடி பட்ட இடம் தடித்துவிடும். வளர்த்தாலும் வருவது அந்துப்பூச்சிதான். இனம் தெரியாத புழுவை எடுத்து வராதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் விலங்கு, பறவைகளோடு பட்டாம்பூச்சிகள் சிலவற்றையும் காக்கிறது.

முதலில் இலையை எண்ணுங்கள்

ஒரு புழு முழுதாக வளர நடுத்தர அளவு எலுமிச்சை இலை 20 ஒதுக்கி வையுங்கள். கறிவேப்பிலை என்றால் பத்து ஈர்க்கு. புழு பிறந்த முதல் வாரம் தின்பது கண்ணுக்கே தெரியாது. இலை ஓரத்தில் ஊசியால் கிள்ளியது போல ஒரு கடி, அவ்வளவுதான். மொத்தத் தீனியில் பெரும்பகுதி கடைசிப் பருவத்தின் ஐந்தாறு நாளில் போகும். அந்த நாட்களில் ஒரு புழு ஒரு இலையை நுனியிலிருந்து காம்பு வரை நம் கண்முன்னே தின்று முடிக்கும்.

நம் தொட்டியில் 70 இலை. அதாவது மூன்று புழுவுக்குச் சோறு, கொஞ்சம் மிச்சம். மூன்றை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் அப்போதே தெரிந்தவர் வீட்டு எலுமிச்சைக்கோ நாரத்தைக்கோ இலையோடு கிள்ளிக் கொண்டுபோய்க் கட்டியிருக்க வேண்டும். மாதிரி வீட்டில் அப்படிச் செய்யவில்லை. ஆறும் அழகு, ஆறுக்கும் பேர் வைத்தாயிற்று, எதை விடுவது? பதினோராம் நாள் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அதைப் பின்னால் பார்ப்போம்.

ஜாடி

ஈ மொய்க்காமல் சாப்பாட்டை மூடும் வலைக்கூடை ஒன்று, அல்லது ஓரடி உயரம் எட்டு அங்குல அகலமுள்ள வாய் அகன்ற பிளாஸ்டிக் ஜாடி. ஜாடி என்றால் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள். நடுவில் பழைய டானிக் பாட்டிலில் தண்ணீர் விட்டு எலுமிச்சைக் கிளையைச் செருகி, பாட்டில் வாயில் கிளையைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பஞ்சை அடைக்க வேண்டும். முழு வேலையிலும் இந்தப் பஞ்சு அடைப்பதுதான் பலரும் விட்டுவிடும் படி.

இடம்: வெளிச்சமும் காற்றும் வரும் ஜன்னலோரம், நேர் வெயில் படாமல். மூடிய ஜாடி வெயிலில் அரைமணி நேரத்தில் அடுப்பாகிவிடும். அந்த அறையில் கொசுவர்த்தி, பிளக்கில் செருகும் கொசு மருந்து எதுவும் கூடாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும். எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுகிறவர்களும் உண்டு, அதிலும் பூச்சிமருந்துதான். தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் ஜாடியை வைத்தால் போதும், எறும்பு தாண்டாது.

பிள்ளைகளின் வேலை தினமும் காலையில் பத்து நிமிடம். செய்தித்தாளை மாற்றுவது, எச்சத்தைக் கொட்டுவது, வாடிய கிளையை எடுத்துப் புதுக் கிளை வைப்பது. புழுவைக் கையால் எடுக்கக் கூடாது. பழைய கிளையில் அது உட்கார்ந்திருக்கும் இலையைக் காம்போடு வெட்டிப் புதுக் கிளைமேல் சாத்தி வையுங்கள். பசித்தால் தானே நடந்து போகும். பொடிப் புழு என்றால் தண்ணீரில் நனைத்து உதறிய மெல்லிய பெயிண்ட் பிரஷ். தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். முன்னால் கழுவுவது புழுவுக்காக: கையில் தடவிய கொசுக் களிம்பு ஒரு துளி போதும் அதை முடிக்க.

முதலாவது: கறுத்த முட்டை

முட்டை வெளிர்மஞ்சள், உருண்டை, கசகசாவைவிடச் சற்றுப் பெரியது. வெயில் காலத்தில் மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிவதற்கு முந்திய நாள் ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். அது புழுவின் தலை. முதல் முட்டையில் புள்ளி தெரியவில்லை. முட்டை முழுவதுமே ஒரே சீராகக் கறுத்துப்போய், மற்றவை பொரிந்த பின்னும் அப்படியே நிற்கிறது. ஒரு வாரம் விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டில் ஊசித்துளை.

டிரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் வேலை இது. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், பட்டாம்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். கரும்புக் காட்டில் தண்டுத் துளைப்பானுக்கு எதிராக விவசாயிகள் அட்டையில் வாங்கிக் கட்டுவதும் இந்த இனத்தைத்தான். இங்கே வளர்ப்பவர் தவறு ஒன்றும் இல்லை. முட்டை வீட்டுக்கு வரும் முன்பே குளவி வந்து போய்விட்டது. மஞ்சளாகவே இருந்து சுருங்கிப் போனால் மட்டும் அது கரு இல்லாத முட்டை.

இரண்டாவது: பாட்டிலில் மூழ்கியது

பொரிந்த புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டை. அதன் நீளம் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. பார்ப்பதற்குப் பறவை எச்சம் போல, பழுப்பில் வெள்ளைத் திட்டு. இந்த வேஷம் நான்கு பருவத்துக்கு நீடிக்கும். இரண்டாவது புழு நான்காம் நாள் காணவில்லை. ஜாடி முழுக்கத் தேடியாயிற்று. டானிக் பாட்டில் தண்ணீரில் மிதக்கிறது. கிளையோடு கீழே நடந்த புழுவுக்கு இலை எது, தண்ணீர் எது என்ற கணக்கு கிடையாது, நேரே உள்ளே போய்விடும். பஞ்சு இருந்திருந்தால் திரும்பியிருக்கும். முழுக்க நம் கைத்தவறு.

இந்த வாரத்தில் இன்னொரு குழப்பமும் வரும். ஒரு புழு ஒரு நாள் முழுக்க அசையாமல், தின்னாமல், இலைமேல் மெல்லிய பட்டு விரித்து ஒட்டிக்கொண்டிருக்கும். செத்துவிட்டது என்று பிள்ளைகள் குச்சியால் தட்டிப் பார்ப்பார்கள். அது தோலுரிக்கத் தயாராகிறது. அப்போது பிடுங்கி எடுத்தால் பிடி விட்டுப் போய், பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் சாகும். தோல் உரிந்ததும் பழைய தோலையே தின்றுவிடும். தலை ஓடு மட்டும் தனியே கழன்று விழும், கடுகுத் தொலி மாதிரி. அதைத் தீப்பெட்டியில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஓடு பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் புழு எப்படி வளர்கிறது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது தோலுரிப்புக்குப் பின் எச்ச வேஷம் கலைந்து, பச்சைப் பசேலென்று, தோளில் கண் போன்ற புள்ளியோடு வேறொரு புழு நிற்கும். யாரோ புழுவை மாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் சண்டை வராமலிருக்க முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இந்தப் பருவத்தில் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் பாம்பு நாக்கு போலப் பிளந்த கொம்பு ஒன்று சட்டென்று நீளும், கூடவே புளித்த நெடி. எறும்பையும் சிலந்தியையும் விரட்டும் ஆயுதம் அது. ஒரு தடவை பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால் புழு தின்னும் நேரம் குறையும்.

மூன்றாவது: நர்சரிச் செடி

பதினோராம் நாள். மிச்சமிருக்கும் நான்கு புழுக்களும் கடைசிப் பருவத்தில். தொட்டிச் செடி ஏறக்குறைய மொட்டை. ஒவ்வொன்றும் இலை இலையாகத் தின்கிறது. வீட்டில் இரண்டு யோசனை வரும். ஒன்று, கடைக் கறிவேப்பிலையை வாங்கிப் போடுவது. எலுமிச்சையில் வளர்ந்த புழு நடுவில் கறிவேப்பிலையைப் பெரும்பாலும் தொடாது. தொட்டாலும் கடைக் கறிவேப்பிலை மருந்து அடித்து வளர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, நர்சரியிலிருந்து புது எலுமிச்சைக் கன்று. மாதிரி வீட்டில் இதைத்தான் செய்தார்கள்.

அன்று மாலை மூன்றாவது புழுவைக் கன்றில் விட்டாயிற்று. இரவு தின்றது. காலையில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, பச்சையாகக் கக்கி, உடம்பு வளைந்து துடித்துக் கீழே கிடக்கிறது. நர்சரிக் கன்றுக்கு இலைத்துளைப்பானும் சாறுண்ணியும் வராமலிருக்க இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து கொடுத்திருப்பார்கள். அது வேரிலிருந்து இலைக்குள்ளேயே ஏறிவிடும். மேலே தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இலையில் இருக்கும். வேப்பெண்ணெய் அடித்த செடி என்றால் வேறு மாதிரி சாவு: நன்றாகத் தின்னும், ஆனால் அடுத்த தோலுரிப்பில் சிக்கி நின்றுவிடும். இயற்கை மருந்துதானே என்று நினைப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

நர்சரிக் கன்று வாங்கினால் ஆறு மாதம் மருந்தில்லாமல் வைத்து, புதிதாகத் துளிர்த்த இலையைத்தான் தர வேண்டும். அவசரத்துக்கு உதவுவது தெரிந்தவர் வீட்டு மரம்தான். மருந்து அடிக்காத மரம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இலையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். போடும் முன் வெளியே எடுத்து ஈரம் துடைக்க வேண்டும். ஈர இலையும் அள்ளாத எச்சமும் சேர்ந்தால் ஜாடிக்குள் வியர்த்து, புழுவுக்கு வயிற்றுப்போக்கு வரும். கறுத்துத் துவண்டு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து வடிகிற சாவு வந்துவிட்டால் அது நோய்க்கிருமி. அந்த ஜாடியில் இருந்த மற்றவற்றை உடனே தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். கூட்டமாக வளர்க்கக் கூடாது என்பதற்கு இலைக் கணக்கு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

நான்காவது: கூட்டுப்புழுவிலிருந்து வந்த குளவிகள்

பொரிந்து இரண்டு வாரம் ஆகும்போது புழு தின்பதை நிறுத்தி, உருண்டையான எச்சத்துக்குப் பதிலாக ஒரே ஒரு தடவை பச்சைத் தண்ணீராகக் கழிந்துவிட்டு, உடம்பு சுருங்கி, வேகமாக நடக்கத் தொடங்கும். இது நோய் இல்லை. குடலைக் காலி செய்துவிட்டுக் கூடு அமைக்க இடம் தேடுகிறது. துவளாமல், நாற்றமில்லாமல், சுறுசுறுப்பாக நடந்தால் கவலை வேண்டாம். ஜாடிக்குள் பென்சில் தடிமனில் சொரசொரப்பான குச்சிகள் இரண்டைச் சாய்த்து வையுங்கள். தலை மேலாக நின்று, வால்முனையைப் பட்டு மெத்தையில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைப் போட்டுக்கொள்ளும், பனையேறி இடுப்புக் கயிறு கட்டுவது போல. ஒரு நாள் அப்படியே இருந்து கடைசித் தோலை உரிக்கும். உள்ளிருந்து வருவது கூட்டுப்புழு. பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம். ஒட்டியிருக்கும் இடத்தின் நிறமும் வழவழப்பும் அதைத் தீர்மானிக்கும்.

நான்காவது புழு இந்த அலைச்சலில் வலையின் இடுக்கு வழியே வெளியேறி ஜன்னல் கம்பியில் கூடு அமைத்துக்கொண்டது. அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். புதுக் கூட்டுப்புழுவின் தோல் முதல் சில மணி நேரம் மிருதுவாக இருக்கும். டெரோமாலஸ் என்ற பொடிக் குளவி அந்த நேரத்துக்காகவே வந்து பக்கத்தில் காத்திருந்து, தோல் இறுகும் முன் ஊசி போட்டுவிடும். நல்ல கூட்டுப்புழுவை விரலால் தொட்டால் வயிற்றுப் பகுதி நெளியும். இது நெளியவில்லை, விறைத்துப்போய் நிறம் மங்கியது. பிறகு ஒரு காலையில் கம்பியைச் சுற்றி மினுங்கும் குளவிகள், கூட்டில் குண்டூசித் துளை.

பிள்ளை அழும். அழட்டும். லென்ஸைக் கொடுத்து அந்தக் குளவிகளையும் பார்க்கச் சொல்வதுதான் சரி. உலோகப் பச்சையாக மின்னும் அவையும் இந்தத் தொட்டியிலிருந்து பிறந்தவைதான். குளவி எல்லாம் கெட்டது, பட்டாம்பூச்சி எல்லாம் நல்லது என்று சொல்லிக்கொடுப்பதற்குப் புழு வளர்க்காமலே இருக்கலாம். எலுமிச்சை விவசாயியைக் கேட்டால் இந்தப் புழுதான் கன்றை மொட்டையடிக்கும் பூச்சி, அந்தக் குளவிதான் நண்பன்.

ஐந்தாவது: பஞ்சுமேல் கிடத்தியது

ஐந்தாவது குச்சியை விட்டு ஜாடியின் வழுவழுப்பான சுவரில் ஒட்டியது. ஜாடியைத் துடைக்கும்போது பிடி விட்டுக் கீழே விழுந்தது. உடையவில்லை, தொட்டால் நெளிந்தது. அடிபடாமலிருக்கட்டும் என்று ஒரு கிண்ணத்தில் பஞ்சுமேல் கிடத்தினார்கள். பத்து நாளில் பட்டாம்பூச்சி வெளியே வந்தது. கால் பஞ்சில் சிக்கியது, ஏறுவதற்குப் பிடி இல்லை. வெளியே வரும்போது சிறகு கசங்கிய துணி மாதிரிதான் இருக்கும். எங்காவது தொங்கிக்கொண்டு உடம்புநீரைச் சிறகு நரம்புகளுக்குள் ஏற்றித்தான் விரிக்க வேண்டும். அதற்கு அரைமணிக்கும் குறைவான நேரம்தான் இருக்கிறது. தொங்க இடமில்லாத பட்டாம்பூச்சியின் சிறகு மடிந்தபடியே காய்ந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

விழுந்த கூட்டுப்புழுவுக்குச் செய்ய வேண்டியது எளிது. தபால் அட்டைத் தாளில் கடலைப் பொட்டலம் போல ஒரு சிறு கூம்பு சுற்றி, கூட்டுப்புழுவை வால் கீழே தலை மேலே வரும்படி அதில் நிறுத்தி, கூம்பைச் சொரசொரப்பான அட்டைமேல் ஒட்டுங்கள். கூம்புக்கு மேலே ஐந்து அங்குலமாவது ஏறுவதற்கு இடம், சுற்றிலும் சிறகு விரிய இடம் இருக்க வேண்டும். முடமான பட்டாம்பூச்சியை வெளியே விடாமல், வலைக்கூடையில் செம்பருத்தி, இட்லிப்பூ வைத்து, ஒரு பங்கு சர்க்கரைக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைக்கலாம். சில நாள் இருக்கும்.

ஆறாவது

கூட்டுப்புழுவான எட்டாம் ஒன்பதாம் நாள் நிறம் கருக்கும். அழுகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் காட்டினால் தோலுக்குள் மஞ்சள் திட்டுகள் தெரியும், மடித்துவைத்த சிறகு அது. மறுநாள் காலையில் வெளியே வரும். இதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டிய விஷயம்: வந்ததும் வாலிலிருந்து செம்பழுப்பாக ஒரு திரவம் சொட்டும். ரத்தம் அல்ல, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. தலைக்குக் கீழே பாருங்கள், உறிஞ்சுகுழல் இரண்டு நூலாகப் பிரிந்திருக்கும். சுருட்டி நீட்டிச் சுருட்டி நீட்டி இரண்டையும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இதைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம், ஆனால் எல்லாரும் சிறகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விடுவதற்கு அவசரம் வேண்டாம். மூன்று நான்கு மணி நேரம் சிறகு இறுகட்டும். முதல் நாள் தீனியும் தேவையில்லை. மழை, பலத்த காற்று, மாலை நேரம் என்றால் அன்றிரவு இருட்டான அறையில் வைத்துவிட்டு மறுநாள் ஒன்பது பத்து மணிக்கு, வெயில் ஏறியபின் விடலாம். சிறகைப் பிடிக்காமல் காலுக்கு முன்னால் விரலை நீட்டினால் தானே ஏறும். செடிமேல் விரலைச் சாய்த்துப் பிடியுங்கள். வானத்தை நோக்கி எறிவது படத்துக்கு நன்றாயிருக்கும். சிறகு சூடேறாத பட்டாம்பூச்சி நேரே தரையில் விழும், காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

முட்டை எடுத்த செடிக்குப் பக்கத்திலேயே விடுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியில் கொண்டுபோய் விடுவது, விழாவில் திறந்து பறக்கவிடுவது எல்லாம் வேண்டாம். இந்த இனம் தனக்குரிய இடத்தை விட்டுக் கரீபியன் பக்கம் போய், 2004-இல் டொமினிக்கன் குடியரசில் கண்டுபிடிக்கப்பட்டு, அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் புதுத் தொல்லையானது. எங்கே எது சேரும் என்பதில் பட்டாம்பூச்சியும் களைச்செடி மாதிரிதான்.

ஜன்னலோரம் என்று முதலில் சொன்னதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் மோனார்க் பட்டாம்பூச்சியை வீட்டில் வளர்த்து விடும் பழக்கம் பெரிது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குள் வளர்ந்த மோனார்க்குகள் இலையுதிர்காலத்தில் வலசை போக வேண்டிய தெற்குத் திசையை நோக்கித் திரும்பவில்லை என்று கண்டார்கள். நம் எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கு அப்படி நெடுந்தூரம் போகும் வேலை இல்லை. ஆனாலும் ஏசி அறை, இரவெல்லாம் எரியும் டியூப் லைட் இவற்றிலிருந்து அதை விலக்கி வைப்பதில் நமக்கு ஒரு செலவும் இல்லை. ஆறு புழு வளர்த்ததால் இனம் ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்றும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். இது அழியும் இனம் அல்ல, சாதாரணமாகத் திரிவது. பார்ப்பதற்காக வளர்க்கிறோம், அவ்வளவே.

முட்டையிலிருந்து பறப்பது வரை நம் சமவெளியில் ஏறக்குறைய நான்கு வாரம்; மார்கழிக் குளிரிலும் மலையூர்களிலும் இன்னும் தள்ளும்.

ஜாடி, பாட்டில், வலை எல்லாவற்றையும் ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து இருபது நிமிடம் ஊறவைத்து, நெடி போகும்வரை கழுவி, வெயிலில் காயவையுங்கள். கூட்டுக் குச்சிகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். எலுமிச்சைத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். மொட்டையான செடி மறுபடி கொழுந்து விட்டு, அந்தக் கொழுந்து முற்ற ஐந்தாறு வாரம் ஆகும். அதற்கு முன்பே வேறொரு பட்டாம்பூச்சி வந்து முட்டை வைத்துவிடும்; அந்த முட்டைகளைத் தொடாமல் செடியிலேயே விட்டுவிடுங்கள். அடுத்த ஜாடிக்கு இலை எண்ணிய பிறகு மூன்று மட்டும்.